தட்டத் தெரிந்த கை: கூண்டுச் சண்டை வீரரின் மனமும் பயிற்சியும்

வேலூர்ப் பக்கம் பளு தூக்கும் பையனுக்கு மரியாதை உண்டு. சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்று, 2018இல் கோல்ட் கோஸ்ட்டிலும் தங்கம் வாங்கி வந்த பிறகு, விடியற்காலையில் மகன் தோளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் வீட்டில் யாரும் பெரிதாக விசாரிப்பதில்லை. ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் கோட்டை மைதானத்தில் ஓடத் தொடங்கும் இளைஞர்களுக்கும் அதே மரியாதைதான். வீட்டுக்கு ஒருவராவது படையில் இருப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கம்மவான்பேட்டை இருக்கும் மாவட்டம் இது. அதே பையன் எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தம், பிடி எல்லாம் கலந்த சண்டை விளையாட்டு) பழகப் போகிறேன் என்று சொன்னால் மட்டும் முகங்கள் மாறிவிடுகின்றன. கூண்டுக்குள் விட்டு அடித்துக்கொள்வார்களே, அதுவா? படிப்பு ஏறவில்லையா? பையன் ரொம்பக் கோபக்காரனோ?

கடைசிக் கேள்விக்குத்தான் இங்கே பதில் தேட வேண்டியிருக்கிறது. கோபக்காரன்தான் கூண்டுக்குள் போவான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் தொழில்முறையாகச் சண்டையிடுவோரின் அன்றாடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தாலே, அந்தச் சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கும் சரக்கு கோபம்தான் என்பது புரிந்துவிடும். அங்கே விலை அதிகமான பொருள் வேறு. தான் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதை உரிய நேரத்தில் ஒப்புக்கொள்ளும் பழக்கம் அது.

காட்பாடியில் ஒரு வீட்டின் மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு, நீல நிற மேட் விரித்து நடத்தப்படும் பயிற்சிக்கூடம் ஒன்றில், சென்ற கோடையில் சில மாலைகள் உட்கார்ந்து பார்த்தேன். ஆறு மணியாகியும் கூரையின் சூடு தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. பத்தொன்பது இருபது வயதுள்ள ஒரு பையனின் முதுகின் மேல் இன்னொருவன் ஏறிக்கொண்டு, முழங்கையின் வளைவைக் கழுத்தில் கொடுத்து இறுக்கினான். கீழே இருந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினான். முகம் சிவந்து, பிறகு கருத்தது. 'தட்டுடா, தட்டு' என்று ஓரத்திலிருந்து மாஸ்டர் கத்தினார். அவன் தட்டவில்லை. மாஸ்டரே போய்ப் பிடியைப் பிரித்துவிட்டு, அவனை உட்கார வைத்துச் சொன்னது இவ்வளவுதான்: 'வீரத்தை இங்க காட்டாதே. கழுத்து போச்சுன்னா நாளைக்கு எதைத் தூக்கிட்டு வருவே?'

தட்டுவது என்றால், பிடியில் சிக்கியவர் எதிராளியின் உடம்பையோ தரையையோ உள்ளங்கையால் இரண்டு மூன்று முறை தட்டி, போதும், விடு என்று அறிவிப்பது. இந்த ஒரு சைகைதான் இந்த விளையாட்டின் அச்சாணி. பின்னாலிருந்து கழுத்தை வளைக்கும் பிடி சரியாக விழுந்தால், கழுத்தின் இருபுறமும் மூளைக்கு ரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள் நசுங்கி, சுமார் 10 நொடிகளில் நினைவு தப்பும். முழங்கை, தோள், முழங்கால் மூட்டுகளைத் திருப்பும் பிடிகளில் வலி தெரிவதற்கும் தசைநார் அறுவதற்கும் நடுவே உள்ள இடைவெளி இன்னும் சிறியது. அந்த இடைவெளிக்குள் கை தட்டியாக வேண்டும். பயிற்சியில் தட்டுவதற்கு வெட்கப்படுபவன் மாதக்கணக்கில் கட்டுப்போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பான். கூச்சமில்லாமல் தட்டுபவன் மறுநாளும் வருவான். ஐந்து ஆண்டுகள் கழித்து இருவரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் யாருக்கு வித்தை தெரியும் என்பதில் சந்தேகம் இருக்காது.

இந்த விளையாட்டு உலகத்துக்கு அறிமுகமானதே இந்தச் சைகையால்தான். 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் இன்று இந்த விளையாட்டின் பெரிய நிறுவனமாக இருக்கும் யு.எஃப்.சி.யின் முதல் போட்டி நடந்தபோது எடைப் பிரிவுகள் கிடையாது. குத்துச்சண்டைக்காரர், மல்யுத்தம் தெரிந்தவர், கராத்தேக்காரர், சுமோ வீரர் என்று வந்திருந்தவர்களில், பார்வைக்கு அப்படியொன்றும் பயில்வானாகத் தெரியாத, சுமார் 80 கிலோ எடையுள்ள பிரேசில்காரர் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை வென்றார். மூன்று பேருமே தட்டித்தான் தோற்றார்கள். அடியின் பலத்தைக் காண வந்த கூட்டத்துக்கு, தரையில் உருண்டு பிடி போடும் ஜியு-ஜிட்சுவின் நிதானம் முதலில் விளங்கவேயில்லை. இன்று நிலைமை வேறு. 2000ஆம் ஆண்டையொட்டி நியூ ஜெர்சியில் வடிவம் பெற்ற ஒருங்கிணைந்த விதிகளின்படி, 5 நிமிடச் சுற்றுகள் மூன்று, பட்டப் போட்டியென்றால் ஐந்து. நடுவே ஒரு நிமிட ஓய்வு. ஏறத்தாழ 113 கிராம் எடையுள்ள, விரல்கள் வெளியே தெரியும் கையுறை. இன்றைய வீரர் முவே தாய் என்ற தாய்லாந்துச் சண்டைக் கலை, மல்யுத்தம், ஜியு-ஜிட்சு, குத்துச்சண்டை நான்கையும் பழகியாக வேண்டும். நான்கிலும் அவரைவிடத் தேர்ந்தவர்கள் அதே கூடத்தில் இருப்பார்கள். ஆகவே காலையில் ஒருவரிடம் தோற்று, மாலையில் இன்னொருவரிடம் தோற்று, இரவு அதை அசைபோட்டபடி தூங்குவதுதான் அவருடைய வேலை நாள்.

பயமும் இதில் சேர்த்தி. கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் செயின்ட் பியர், நம்மூர் சதீஷின் 77 கிலோ எல்லையை ஒட்டிய வெல்டர்வெயிட் பிரிவில் நெடுங்காலம் சாம்பியனாக இருந்தவர். இந்த விளையாட்டின் மிகச் சிறந்தவர்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அவர் பெயர் அதில் இருக்கும். சண்டைக்கு முந்தைய நாட்களில் தன்னைப் பயம் எப்படித் தின்றது என்பதையும், சண்டையிடுவது தனக்குப் பிடித்த காரியமே இல்லை என்பதையும் அவர் பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2007 ஏப்ரலில், எல்லோரும் எளிதாக வெல்வார் என்று எதிர்பார்த்த போட்டியில், மேட் செர்ராவிடம் முதல் சுற்றிலேயே அடிபட்டுப் பட்டத்தை இழந்தார். அந்தத் தோல்வி மனத்தைவிட்டு இறங்கவில்லை. உளவியல் ஆலோசகர் ஒருவர் சொன்னபடி, ஒரு செங்கல்லில் செர்ராவின் பெயரை எழுதி, அதைச் சுமந்து திரிந்து, கடைசியில் ஆற்றில் வீசியெறிந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். (நம் பாலாற்றில் எறிந்திருந்தால் அந்தச் செங்கல் இன்றும் மணலில் கிடந்து முறைத்துக்கொண்டிருக்கும்.) 2008 ஏப்ரலில் மாண்ட்ரியலில் நடந்த மறு போட்டியின் இரண்டாம் சுற்றில் அவர் வென்றார். செங்கல்லால் வென்றார் என்று நான் நம்பவில்லை. தோல்விக்கு ஓர் எடையும் உருவமும் கொடுத்து, அதைக் கையில் வைத்துப் பார்த்தார் அல்லவா, அதுதான் கவனிக்க வேண்டியது. பயமே இல்லை என்று மார்தட்டுபவருக்கு அட்ரினலின் மேலேறி இறங்கும் முதல் இரண்டு நிமிடங்களில் கை கால் ஓய்ந்துபோவது கூண்டில் அடிக்கடி காணக்கிடைக்கும் காட்சி. பயம் வரும் என்று எதிர்பார்த்து, அது வரும்போது எப்படி மூச்சுவிட வேண்டும் என்று பழகியவரே மூன்றாவது சுற்றிலும் நின்று ஆடுகிறார்.

அர்ப்பணிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் ரத்தமும் வியர்வையும் நம் கண்முன் வருகின்றன. நடைமுறையில் அதன் பெரும்பகுதி சலிப்பூட்டுவது. ஒரே உதையை ஒரே பக்கத்திலிருந்து நூறு முறை, சுவரோரம் சாய்த்துத் தள்ளுவதை ஐம்பது முறை, பிறகு ஒன்பது மணிக்குத் தூக்கம். போட்டிக்கு முந்தைய எட்டு வாரங்களை கேம்ப் என்பார்கள். அந்த நாட்களில் கல்யாணம், காதுகுத்து, நண்பர்களின் பைக் பயணம் எதுவும் கிடையாது. முழு வேகத்தில் அடித்துக்கொள்ளும் ஸ்பாரிங்கைத் தினமும் வைத்துக்கொண்டால்தான் வீரன் உருவாவான் என்ற பழைய நம்பிக்கையும் உடைந்து வருகிறது. ஹவாயைச் சேர்ந்த மேக்ஸ் ஹாலோவே கேம்ப்பில் ஸ்பாரிங்கையே விட்டுவிட்டதாக அறிவித்தவர். 2021 ஜனவரியில் கால்வின் கேட்டருடன் மோதி, ஐந்து சுற்றுகளில் 445 கணிசமான அடிகளை இறக்கி யு.எஃப்.சி. வரலாற்றில் சாதனை படைத்தார். தலைக்குள் இருப்பது திரும்ப வாங்க முடியாத முதல் என்பதும், அதைப் பயிற்சியிலேயே செலவழித்துவிடக் கூடாது என்பதும் மெல்லப் புரிந்துவருகிறது. பணத்தைப் பற்றியும் ஒரு வரி சொல்ல வேண்டும். புதிதாக ஒப்பந்தமாகும் வீரருக்கு, களமிறங்குவதற்கு ஒரு தொகை, வென்றால் அதே அளவு இன்னொரு தொகை என்பதே பெரிய நிறுவனங்களில் நெடுங்கால வழக்கம். தோற்றால் சம்பளம் பாதி. பயிற்றுநர், மருத்துவர், மேலாளர் பங்கு போக மிஞ்சுவதை வைத்துத்தான் அடுத்த சில மாதங்களை ஓட்ட வேண்டும்.

அர்ப்பணிப்பு எந்த இடத்தில் அறிவை மிஞ்சிவிடுகிறது என்பதை எடை காட்டும். பளுதூக்குதலில் போட்டி தொடங்குவதற்கு 2 மணி நேரம் முன்னதாக எடை பார்க்கிறார்கள். உடம்பிலிருந்து தண்ணீரை வடித்துவிட்டு மேடையேறினால் கம்பி மேலெழும்பாது என்பது வீரருக்குத் தெரியும். ஆகவே குறைப்பதற்கும் ஒரு வரம்பு தானாக வந்துவிடுகிறது. தொழில்முறை எம்.எம்.ஏ.வில் எடை பார்ப்பது பெரும்பாலும் போட்டிக்கு முந்தைய நாள். நடுவே ஏறத்தாழ ஒரு முழு நாள் கிடைக்கிறது. அந்த ஒரு நாளில் தண்ணீரையும் உப்பையும் மாவுச்சத்தையும் உள்ளே திருப்பிவிடலாம் என்ற கணக்கில்தான், இயல்பில் 77 கிலோ இருப்பவர் 70 கிலோ பிரிவில் நிற்க முயல்கிறார். கடைசி வாரத்தில் உப்பு நிறுத்தம், பிறகு தண்ணீர் நிறுத்தம், சுடுநீர்த் தொட்டி, நீராவி அறை, உடம்பில் காற்றுப் புகாத ரப்பர் உடையோடு ஓட்டம் என்று போகும் இந்தச் சடங்குக்கு வெயிட் கட் என்று பெயர். எதிராளியும் அதைத்தான் செய்கிறார் என்பதால், செய்யாதவர் தன்னைவிடப் பெரிய ஆளோடு மோத நேரும். அதனால் எல்லோரும் செய்கிறார்கள். கடைசியில் யாருக்கும் ஆதாயமில்லை. கடைத்தெருவில் முன்வரிசைக்காரர் எழுந்து நின்று கூத்துப் பார்த்தால் பின்னால் இருப்பவர்களெல்லாம் எழுந்து நிற்க வேண்டியதாகிவிடும் கதைதான்.

2015 டிசம்பரில் மணிலாவில் நடக்கவிருந்த போட்டிக்காக எடை குறைத்த 21 வயதுச் சீன வீரர் யாங் ஜியான்பிங் இறந்துபோனார். அதன் பிறகு அப்போட்டியை நடத்திய ஒன் சாம்பியன்ஷிப், தண்ணீரை வடித்து எடை குறைப்பதைத் தடைசெய்து, எடையோடு சேர்த்துச் சிறுநீரின் அடர்த்தியையும் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. கடைசிவரை ஒருவரிடமும் தோற்காமல் 29 வெற்றிகளோடு விலகிய, ரஷ்யாவின் தாகெஸ்தான் பகுதி வீரர் கபீப் நூர்மகமெதவே 2017 மார்ச்சில் எடை குறைக்கும்போது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, பட்டப் போட்டி ரத்தானது. மல்யுத்தத்தின் விதிகள் வேறு என்றாலும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிப் போட்டியன்று காலை 100 கிராம் கூடுதலாக இருந்ததால் வினேஷ் போகத் தகுதியிழந்ததைத் தமிழ்நாட்டில் டீக்கடைவரை பேசினோம். இரவெல்லாம் ஓடியும் இறங்காத அந்த 100 கிராம், இந்த வேலையின் கொடுமையைப் பல கட்டுரைகளைவிட நன்றாக விளக்கியது.

வேலூரில் இதைத் தனியாக வலியுறுத்த வேண்டிய காரணம் வெயில். அக்கினி நட்சத்திரத்தில் 40 பாகையைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் ஊரில், கைப்பேசியில் எதையோ பார்த்துவிட்டு, மதியத்தில் ரப்பர் உடை போட்டுக்கொண்டு ஓடும் பையன்களை நானே பார்த்திருக்கிறேன். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். அந்த உடை வியர்வையை ஆவியாக விடுவதில்லை. உள்ளே வெப்பம் ஏற ஏற, ரத்தம் கெட்டியாகி, முதலில் அடிவாங்குவது சிறுநீரகம். இந்தியாவில் வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971இல் நடந்தது இதே ஊரின் சி.எம்.சி. மருத்துவமனையில்தான் என்பதை நினைத்துக்கொண்டால், மைதானத்தைச் சுற்றும் அந்த ரப்பர் உடையைப் பார்க்க இன்னும் எரிச்சலாக வருகிறது. இந்த இடத்தில் மன உறுதி என்று புகழப்படுவது, தட்ட வேண்டிய நேரத்தில் தட்டாமல் இருக்கும் அதே பிடிவாதம்தான்.

தட்டாதவர் கதை வெற்றி பெற்றவர்களிடமும் உண்டு. அமெரிக்காவின் ரோண்டா ரவுசி, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜூடோவில் வெண்கலம் வென்று, பிறகு கூண்டுக்குள் 12 போட்டிகள் தோல்வியே காணாதவர். 2015 நவம்பரில் மெல்போர்னில் 56 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் ஹாலி ஹோல்மிடம் விழுந்ததும், இனி நான் யார், எதற்காக இருக்கிறேன் என்ற அளவுக்கு மனம் உடைந்துபோனதைப் பின்னர் தொலைக்காட்சியில் கண்ணீரோடு சொன்னார். அவருக்கு உடல்வலுவோ உழைப்போ குறைவில்லை. 'தோற்காதவள்' என்பதையே தன் பெயராக வைத்துக்கொண்டதில் வந்த வினை அது. நம் நாட்டு வீரர்களுக்கு அந்தச் சொகுசு கிடைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். 2017இல் யு.எஃப்.சி.யில் முதலில் களமிறங்கிய பரத் கண்டாரே தோற்றார். உத்தராகண்டின் அன்ஷுல் ஜுப்லி 2023 பிப்ரவரியில் ரோடு டு யு.எஃப்.சி. தொடரை வென்று ஒப்பந்தம் பெற்று, அதே ஆண்டு அக்டோபரில் அபுதாபியில் மூன்றாவது சுற்றில் வீழ்ந்தார். 2025 பிப்ரவரியில் 19 நொடிகளில் முடிந்துபோனது அவருடைய போட்டி. பல ஆண்டுகள் உழைப்பு, 19 நொடி. 2024 ஜூனில் பூஜா தோமர் அமெரிக்காவின் லூயிவில் நகரில் நடுவர்களின் பிளவுபட்ட தீர்ப்பில் வென்று, யு.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். வுஷு என்ற சீனத் தற்காப்புக் கலையில் ஊறி வந்தவர் அவர். பணமோ கூட்டமோ இல்லாத நாட்களில் தொடங்கிய பயிற்சி அது.

இவற்றோடு கபீபின் கடைசிச் சண்டையையும் வைத்துப் பார்க்க வேண்டும். தந்தையும் குருவுமான அப்துல்மனாப் 2020 ஜூலையில் இறந்தபின், அக்டோபர் 24 அன்று அபுதாபியில் ஜஸ்டின் கெய்ஜியுடன் மோதினார். கெய்ஜி தட்டமாட்டேன் என்று முன்பே சொல்லி வைத்தவர். கையை முறிக்கும் பிடி கிடைக்கும் நிலையில் இருந்தும் கபீப் அதை விட்டுவிட்டு, கால்களால் கழுத்தை இறுக்கும் பிடிக்கு மாறினார். பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மகனின் கையை ஒடிக்க மனம் வரவில்லை என்பதே காரணம் என்று அவருடைய பயிற்சித் தோழர் டேனியல் கார்மியே பின்னர் தெரிவித்தார். உடம்பெல்லாம் அட்ரினலின், தகப்பனை இழந்த துக்கம். அதற்கு நடுவே எதிராளியின் தாய் தகப்பனை நினைக்கும் அளவுக்கு ஒருவரின் மனத்தில் இடம் இருந்திருக்கிறது. கோபத்துக்கு அங்கே எங்கே இடம்?

இது வட ஆர்க்காட்டுக்குப் புதிய செய்தியும் இல்லை. இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் அர்ச்சுனன் தபசு நடக்கும் நாளில், கூத்தாடுபவர் உயரமான தபசு மரத்தில் ஒவ்வொரு படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். கீழே ஊரே அண்ணாந்து நிற்கும். அந்தக் கதையில் அர்ச்சுனன் பாசுபதத்தைப் பெறுவது எப்படி? வேடனாக வந்த சிவனோடு மல்லுக்கு நின்று, வில்லும் போய், வலுவும் போய், தோற்றபின் பெறுகிறான். படுகளத்தில் எழுதப்படும் அத்தனை பெரிய துரியோதனன் உருவத்தைப் பார்த்து வளர்ந்த நாம், அதற்கு முன் வரும் இந்தத் தோல்வியை ஏனோ அதிகம் பேசுவதில்லை.

அந்த மொட்டை மாடிக்கு நான் கடைசியாகப் போனபோது, அன்று தட்டாமல் முகம் கருத்த அதே பையன் எடைக் கருவியின் மேல் நின்றிருந்தான். ஐந்து வாரத்தில் 70 கிலோ பிரிவில் அவனுக்கு முதல் அமெச்சூர் போட்டி. 71.4 என்று காட்டியது. கோணிப்பையில் வைத்திருந்த நீளமான நோட்டில் மாஸ்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

'மாஸ்டர், ஞாயித்துக்கிழமை ஆம்பூர்ல அக்கா கல்யாணம். பிரியாணி போடுவாங்க. ஒரே ஒரு ப்ளேட்...'

'கூடப்பிறந்த அக்காவா?'

'பெரியப்பா பொண்ணு.'

'போயிட்டு வா. சாப்பிட்டதை மறைக்காம இதுல எழுதிடு. தண்ணியைக் குறைக்கிற வேலை மட்டும் வெச்சிக்காதே.'

திங்கட்கிழமை நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். சாய்ந்த கையெழுத்தில், எடை 72.1 என்றும், அதற்குப் பக்கத்தில் 'பிரியாணி 2 ப்ளேட், கத்திரிக்காய் தொக்கு, பீடா' என்றும் எழுதியிருந்தது.